கஞ்சாவை விட்ட கையோடு விந்துப் பரிசோதனைக்கு ஓடாதீர்கள்

குழந்தைக்கு முயலும் ஆண்கள் கஞ்சா விஷயத்தில் செய்யும் பெரிய தவறு அவசரம். இரண்டு வாரம் இழுக்காமல் இருந்துவிட்டு விந்துப் பரிசோதனைக்குப் போவார்கள். ரிப்போர்ட் பழையபடியே வந்ததும், "விட்டும் ஒன்றும் ஆகலையே" என்று மறுபடி பற்றவைப்பார்கள். ஒரு விந்தணு விரையில் உருவாகி முடிய சுமார் 74 நாள் ஆகும். பிறகு விரையை ஒட்டிய நீண்ட சுருள் குழாயில் முதிர்ச்சி அடைய இன்னும் சில நாள். ஆக, இன்று டப்பாவில் பிடித்துக் கொடுக்கும் விந்தணு, கஞ்சா ஓடிக்கொண்டிருந்த நாட்களில் உருவாகத் தொடங்கியது. போதாததற்கு, கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி கொழுப்பில் கரைவது. தினமும் இழுத்தவர் உடம்பில் வாரக்கணக்கில் தங்கும். மூன்று மாதம் பொறுங்கள். பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் வரை விந்து வெளியேற்றாமல் இருங்கள். ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். இடையில் கடுமையான காய்ச்சல் வந்திருந்தாலே எண்ணிக்கை சரியும்.

அடுத்தது, வசதியான ஆய்வை மட்டும் பிடித்துக்கொள்வது. 2015-ல் வெளியான டென்மார்க் ஆய்வில் 1,215 இளைஞர்கள். வாரம் ஒருமுறைக்கு மேல் புகைத்தவர்களுக்கு விந்தணு அடர்த்தி 28 சதவீதம் குறைவு. 2019-ல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 662 பேரைப் பார்த்தபோது நேரெதிர்: வாழ்நாளில் எப்போதாவது கஞ்சா புகைத்திருந்தவர்களுக்கு, புகைக்காதவர்களைவிட அடர்த்தி கூடுதல். இதை ஃபார்வர்டு செய்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள். அப்படிப் புகைத்தவர்களில் பெரும்பாலோர் எப்போதோ பழக்கத்தை விட்டவர்கள்!

"நான் புகைப்பதில்லை, சாப்பிடத்தான் செய்கிறேன்" என்பதும் சமாதானம்தான். எந்த வழியில் போனாலும் டிஎச்சி ரத்தத்தில்தான் சேர்கிறது. விரையிலும் விந்தணுவிலும் அது ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. அதனால் எண்ணிக்கையோடு நிறுத்தாமல், ரிப்போர்ட்டில் அசைவும் வடிவமும் எப்படி என்று பாருங்கள்.

ஆண்மை கூடும் என்று தானாக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்வது இதைவிட மோசம். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை விரைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி பூஜ்ஜியம் வரைகூடப் போகும்.

டாக்டரிடம் மறைக்காதீர்கள். எவ்வளவு, எத்தனை நாளுக்கொருமுறை, கடைசியாக எப்போது என்று சொல்லிவிடுங்கள். அதற்காகப் பழியை முழுக்கக் கஞ்சா மேலேயே போட்டு உடல் பரிசோதனையைத் தட்டிக்கழிக்கவும் கூடாது. விரைப்பையில் ரத்தக்குழாய்கள் புடைத்துக்கொள்ளும் வெரிகோசீல் பல ஆண்களுக்கு இருக்கிறது. அதைச் சரிசெய்யச் சிகிச்சையும் உண்டு.