எல்லாம் முடித்துவிட்டுக் காட்டலாம் என்று இருக்காதீர்கள்

போன வாரம் பதுளைப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி, முதுதத்துவமாணி (எம்ஃபில்) ஆய்வு மாணவி, "சேரைப் பார்த்து ஐந்து மாதமாகிறது அக்கா, அத்தியாயம் முடியட்டும் என்று இருக்கிறேன்" என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மேற்கோள் பிழை, தவணை தவறுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். ஆய்வை மேற்பார்வை செய்யும் சேர் விஷயத்தில் நாம் விடும் பிழைகளைத்தான் சொல்ல வேண்டும்.

முடித்த பிறகு காட்டுவது

இலங்கைத் தேயிலைத் தோட்டக் குடும்பங்களின் கடன் பற்றியது என் ஆய்வு. அரைகுறை வினாக்கொத்தோடு போனால் சேர் என்ன நினைப்பாரோ என்று பயம். பெரியவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றே லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்தவள் நான். யாரிடமும் காட்டாமல் ஹட்டன் பக்கம் மூன்று தோட்டங்களில் ஏறி இறங்கி, எட்டு மாதத்தில் 140 வீடுகளை முடித்தேன்.

நிரப்பிய தாள்களைக் கட்டாகக் கொண்டுபோய் வைத்ததும் சேர் ஐந்தாவது கேள்வியில் நின்றார்: 'மாத வருமானம் எவ்வளவு?'

"எந்த மாதம் கேட்டீர்கள்?"

சில வீடுகளில் கொழுந்து குறைந்த பெப்ரவரியில். வேறு சிலவற்றில் கொழுந்து கொட்டும் மே மாதத்தில். அந்த மாதம் எத்தனை நாள் வேலை, அதில் அரைப் பேர் (அரைநாள் சம்பளம் மட்டும் போட்ட நாள்) எத்தனை என்று நான் கேட்கவே இல்லை. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆன பிறகும், பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் பல தோட்டங்களில் அரைப் பேர்தான் போட்டார்கள். அம்மாவின் சம்பளத் துண்டிலேயே நான் பார்த்து வளர்ந்த விஷயம்! பழகிப்போனதால் கேட்கத் தோன்றவில்லை. வெளியிலிருந்து பார்த்த சேருக்குப் பத்து நிமிடத்தில் தெரிந்தது. திரும்பவும் வீடு வீடாகப் போனதில் ஒரு வருடம் போயிற்று. இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

பத்துக் கேள்வி எழுதியதுமே காட்டுங்கள். அப்புறம் ஐந்து வீட்டில் கேட்டுப் பார்த்து, அந்த ஐந்து தாளோடு மறுபடி போங்கள்.

பெரிய பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

ஒரு மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுக்கும் முன், அவரிடம் இப்போது படிப்பவர்களைக் கேளுங்கள்: கொடுத்த அத்தியாயம் எத்தனை வாரத்தில் திரும்பி வருகிறது?

ஒருவரிடம் மட்டும் கேட்பது

புள்ளிவிவரத்துக்கு ஒருவர், எழுத்துக்கு ஒருவர், மனம் விட்டுப் பேச ஒரு சீனியர். மேற்பார்வையாளருக்கும் அது சுமையைக் குறைக்கும்.

பேசியதை எழுதாமல் விடுவது

சேரோடு பேசியதை எழுதி, அன்றிரவே அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

தங்கச்சி இதுவரை பதினொரு பக்கம் எழுதியிருக்கிறாள். திங்கட்கிழமை அதையே கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.