மியூசிக் ஹால் பாணியில் ஆண் வேடம் போட

பிரிட்டனின் பழைய மியூசிக் ஹால் (பாட்டும் நகைச்சுவையும் கலந்த கேளிக்கை அரங்கு) மேடைகளில் பெண்கள் கோட்டும் தொப்பியுமாக வந்து அசத்தியது போல நீங்களும் ஆண் வேடத்தில் பாட ஆசைப்பட்டால், முதலில் மீசையை மறந்துவிடுங்கள். பொதுவாக ‘ஆண்’ என்று எதையும் நடிக்க முடியாது. ஒரே ஓர் ஆளைப் பிடியுங்கள்: கரைக்கு வந்த மாலுமி, புதுச் சிப்பாய், கையில் காசில்லாமல் பந்தா விடும் இளைஞன். எல்லா ஷீல்ட்ஸ் என்ற ஆண் வேடப் பாடகி பெயர் வாங்கிய பர்லிங்டன் பெர்ட்டி என்ற பாத்திரம் இந்தக் கடைசி ரகம்தான், உடுப்பு கந்தல், பேச்சு பிரபு.

உடையை உங்கள் அளவுக்கே தைக்கக் கொடுங்கள், தொளதொளவென்று இருந்தால் அண்ணன் சட்டையை மாட்டிய மாதிரி ஆகிவிடும். முடியை இறுக்கப் பின்னிச் சுருட்டி விக்குக்குள் அடக்குங்கள்.

அப்புறம் கை. இங்கேதான் பலர் சொதப்புகிறார்கள். இன்னொரு ஆண் வேடக் கலைஞரான ஹெட்டி கிங்கின் மாலுமிக்குப் புகைபிடிக்கும் பைப் எவ்வளவு முக்கியம் தெரியுமா? கப்பல் தளத்தில் நிற்பவன் தீக்குச்சியை உரசியதும் காற்றுக்கு முதுகு காட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் குவித்துப் பொத்தி, தலையைக் குனிந்து பற்றவைப்பான். அந்த ஓர் அசைவைக் கண்ணாடி முன் கை தானாகச் செய்யும்வரை பழகுங்கள்.

குரலை வலிந்து கட்டையாக்க வேண்டாம். 1920இல் ஓய்வுபெறும்வரை ஆண் வேடத்தில் கொடிகட்டிப் பறந்த வெஸ்டா டில்லி தன் பெண் குரலிலேயேதான் பாடினார். ஆண்களைக் கேலி செய்யும் வரி அந்தக் குரலில் வரும்போதுதான் இன்னும் சுருக்கென்று தைக்கும், அதனால் அந்த வரிக்கு முன் அரை நொடி நிறுத்துங்கள்.