முன்னால் போகிறவர் ஏன் தோற்கிறார்? சைக்கிளோட்டத்தின் கடைசி 3 கிலோமீட்டரைப் பார்க்கக் கற்றுக்கொள்வது

2022 ஜூலை 5ஆம் தேதி இரவு, கோலாலம்பூர் செந்தூலில் ஒரு மாமாக் உணவுக்கடையில் நாங்கள் ஐந்து பேர் மேசையைத் தட்டிக் கொண்டாடினோம். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் நான்காம் கட்டம், கலே நகரில் முடிவு. ஒளிபரப்பு நின்று நின்று வந்துகொண்டிருந்தது. படம் திரும்பியபோது பெல்ஜிய வீரர் யாஸ்பர் பிலிப்சன் கூட்டத்தை முந்திக் கோட்டைக் கடந்து இரு கைகளையும் உயர்த்தினார். நாங்களும் உயர்த்தினோம். ஆனால் அவருக்கு 8 விநாடிக்கு முன்பே வூட் வான் ஆர்ட், மஞ்சள் சட்டையில் தனியாக வந்து, பறவைபோல் கைகளை வீசிக் காட்டிவிட்டுக் கோட்டைத் தாண்டியிருந்தார். பிலிப்சன் இரண்டாம் இடம்.

பிலிப்சனுக்காவது ஒரு காரணம் இருந்தது: முன்னால் ஒருவர் போனது அவருக்குத் தெரியாது. எங்களுக்கு முன்னால் அவ்வளவு பெரிய திரை இருந்தது.

பக்கத்து மேசையில் ஓர் அண்ணன் சிரித்தார். முப்பது வருடம் சைக்கிள் பழுதுபார்த்தவர். அன்றிலிருந்து இரண்டு ஜூலை மாதம் அவரிடம் திட்டு வாங்கிக் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். கியர் என்றால் என்ன, மஞ்சள் சட்டை யாருக்கு என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஐரோப்பியப் பந்தயங்கள் கோடையில் நம் நேரப்படி இரவு பதினொன்றரை வாக்கில் முடிகின்றன. தே தாரேக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடிக்க அதைவிடச் சரியான நேரம் இல்லை.

படி 1: முதலில் தலைகளை எண்ணுங்கள்

கூட்டத்துக்கு முன்னால் யாராவது தப்பி ஓடியிருக்கிறார்களா? திரையின் மூலையில் நேர இடைவெளி காட்டுவார்கள். அதைப் பார்க்காமல் கொண்டாடினால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

படி 2: காற்றைப் புரிந்துகொள்ளுங்கள்

இதை மலேசிய வீரர் அசிசுல்ஹஸ்னி அவாங்கை வைத்துச் சொன்னால் நம் ஊரில் யாருக்கும் விளங்கும். அவர் ஓடுவது வெலோட்ரோம் என்ற வளைதளத்தில், சாலையில் அன்று. ஆனால் காற்று இரண்டு இடத்திலும் ஒன்றுதான். 2021 ஆகஸ்டில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் கெய்ரின் இறுதியை நினைத்துப் பாருங்கள். வேகம் கட்டும் மோட்டார் வண்டி விலகியதும் பிரிட்டனின் ஜேசன் கென்னி பாய்ந்துவிட்டார். பின்னால் இருந்தவர்களில் யார் முதலில் காற்றை வாங்கித் துரத்துவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த சில நொடிகளில் இடைவெளி விரிந்தது. அசிசுல் மற்றவர்களையெல்லாம் வென்று வெள்ளி எடுத்தார். கென்னியைப் பிடிக்க முடியவில்லை.

வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிப் போகிறவருக்கு அந்தச் சுமை கணிசமாகக் குறைகிறது. அதனால்தான் குழுக்கள் தங்கள் ஸ்பிரிண்டரை, அதாவது கடைசிப் பாய்ச்சலுக்கான வேக வீரரை, கடைசியில் வைத்து, முன்னால் மூன்று நான்கு பேரை வரிசையாக ஓடவிடுகின்றன. இதை ரயில் என்கிறார்கள். ஒவ்வொருவரும் மூச்சு முட்டும்வரை இழுத்துவிட்டு ஓரமாக விலகுவார்கள். கடைசி இழுப்பாளர் கோட்டுக்கு ஏறத்தாழ 200 மீட்டர் இருக்கும்போது விலக, ஸ்பிரிண்டர் தனியாகப் பாய்வார். மார்க் கேவண்டிஷுக்கு மார்க் ரென்ஷா அப்படி ஓடியவர். 2009 டூர் டி பிரான்ஸின் கடைசிக் கட்டத்தில், பாரிஸ் ஷான்ஸ் எலிசேயில் இருவரும் மற்றவர்களைப் பின்னால் விட்டு முதல் இரண்டு இடங்களையும் எடுத்தார்கள்.

அண்ணன் சொன்னது: "முன்னால் போகிறவன் கதவைத் திறந்துவிடுகிறவன், தம்பி. வீட்டுக்குள் போகிறவன் வேறு ஆள்."

ஆகவே கடைசி ஒரு கிலோமீட்டரைக் காட்டும் சிவப்பு முக்கோணத்துக்குக் கீழே கூட்டம் நுழையும்போது முதல் ஆளைப் பார்க்காதீர்கள். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது ஆளைப் பாருங்கள். யார் யாருடைய சக்கரத்தைப் பிடித்திருக்கிறார் என்று ஒரு பெயரையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். தவறாகச் சொன்னாலும் பரவாயில்லை. சொன்னால்தான் கண் பழகும்.

எதிர்க்காற்று என்றால் முதலில் பாய்கிறவர் பெரும்பாலும் செத்தார். 150 மீட்டர்வரை பொறுத்தவர் ஜெயிப்பார். பின்காற்று என்றால் முந்திக்கொண்டு பாயலாம். ஓரத்தில் நட்டிருக்கும் கொடிகள் எந்தப் பக்கம் அடிக்கின்றன என்று பாருங்கள். இந்த ஒன்றை வைத்தே நான் நான்கு தே தாரேக் ஜெயித்திருக்கிறேன்.

படி 3: முன்பக்கக் கேமராவை நம்பாதீர்கள்

நான் விழுந்த குழி இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கடைசி 300 மீட்டரைப் பெரும்பாலும் கோட்டுக்கு அப்பால் நிற்கும் கேமரா நேருக்கு நேராகக் காட்டும். அதில் எல்லாரும் தோளோடு தோள் உரசி வருவதுபோல் இருக்கும். "கடைசியில் என்ன மாயமோ, அவன் பறந்து வந்தான்" என்று நான் ஒரு ஜூலை முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தேன். மாயம் ஒன்றும் இல்லை. தொலைவிலிருந்து பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஆழத்தை நசுக்கிவிடுகிறது. இரண்டு சைக்கிள் நீளம் பின்னால் இருக்கிறவரும் பக்கத்தில் இருப்பதுபோல் தெரிவார். அவர் அந்த இரண்டு நீளத்தையும் எட்டிப் பிடித்ததை நாம் பார்க்கவே இல்லை. கடைசி அரை அடியை மட்டும் பார்த்துவிட்டு வாயைப் பிளக்கிறோம்.

நம்ப முடியவில்லையா? நீளமான மேசையில் இரண்டு தம்ளரை ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஓர் அடி இடைவெளி விட்டு வையுங்கள். மேசைக்குப் பக்கத்தில் நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். பிறகு பதினைந்து அடி பின்னால் போய், பெரிதாக்கி, இன்னொரு படம் எடுங்கள். இரண்டாவது படத்தில் தம்ளர்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். பிளாஸ்டிக் தம்ளர் போதும். நான் கடைக்காரரின் கண்ணாடித் தம்ளரில் செய்து காட்டப்போய் ஒன்றை உடைத்து 5 ரிங்கிட் கொடுத்தேன்.

அப்படியானால் முன்பக்கப் படத்தில் யார் முன்னால் என்று எப்படித் தெரிந்துகொள்வது? தலையையும் தோளையும் விட்டுவிடுங்கள். ஒருவர் குனிவார், ஒருவர் நிமிர்வார், தலை ஏமாற்றும். முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்தைப் பாருங்கள். கேமரா கொஞ்சம் உயரத்தில்தான் இருக்கும். ஆகவே யாருடைய சக்கரம் திரையில் மற்றவர்களுடையதைவிடக் கீழே தொடுகிறதோ அவர் முன்னால் இருக்கிறார். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. பதினான்கு பந்தயங்களின் மறுகாட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து நானே கண்டுபிடித்தேன். (இதிலும் ஒரு ஓட்டை இருந்தது. கடைசியில் பாருங்கள்.)

பந்தயம் முடிந்ததும் ஹெலிகாப்டர் காட்சிக்காகக் காத்திருங்கள். வேக வித்தியாசம் அதில்தான் தெரியும். மேலிருந்து பார்த்தால், பின்னால் இருந்தவர் எங்கே பாய ஆரம்பித்தார், எவ்வளவு தூரம் காற்றில் தனியாக இருந்தார் என்று விரலை வைத்துக் காட்டலாம். வாக்குவாதத்தை இதற்கு முன் ஆரம்பிக்கக் கூடாது என்பது எங்கள் மேசையின் சட்டம். யாரும் கடைப்பிடிப்பதில்லை.

படி 4: கருவிகள்

கைப்பேசியில் ஸ்பிரிண்ட் பார்ப்பது எறும்புக் கூட்டத்தில் ஓர் எறும்பைத் தேடுவது மாதிரி. மடிக்கணினி, இல்லையென்றால் கடைத் திரை. மறுநாள் யூடியூபில் பார்க்கிறவர்கள் ஐந்து நிமிடச் சுருக்கத்தை விட்டுவிட்டு, கடைசி 5 கிலோமீட்டர் வெட்டில்லாமல் இருக்கும் காணொளியைத் தேடுங்கள். படத்தை நிறுத்திவைத்து விசைப்பலகையில் முற்றுப்புள்ளியை அழுத்தினால் ஒவ்வொரு சட்டமாக (ஃப்ரேம்) முன்னே நகரும், காற்புள்ளியை அழுத்தினால் பின்னே. இது தெரியாமல் ஒரு வருடம் சுட்டியை இழுத்து இழுத்து மணிக்கட்டு வலித்ததுதான் மிச்சம்.

கடைசிக் கிலோமீட்டரில் வர்ணனையை அணைத்துவிடுவேன். வர்ணனையாளர் முன்னால் இருப்பவர் பெயரைக் கத்துவார், நம் கண்ணும் அங்கேயே போகும். நண்பர்கள் இதற்காக என்னை முறைப்பார்கள்.

படி 5: கோடு

வேகம் மணிக்கு 65 கிலோமீட்டர் என்றால் 200 மீட்டர் ஓட 11 விநாடி. கோட்டில் முடிவைத் தீர்மானிப்பது முன்சக்கர டயரின் முன்விளிம்பு. அதற்காகத்தான் கடைசி நொடியில் கைகளை நீட்டி, உடலைப் பின்னால் தள்ளி, சைக்கிளை முன்னால் எறிவதுபோல் தள்ளுகிறார்கள். 2004 மிலான்–சான்ரெமோ பந்தயத்தில் எரிக் சாபெல் அதைச் செய்யாமல் கைகளை உயர்த்திவிட்டார். பக்கத்தில் வந்த ஆஸ்கர் ஃபிரெய்ரே சைக்கிளைத் தள்ளி ஜெயித்தார். எங்கள் மேசையில் யாராவது சீக்கிரம் கத்தினால் "சாபெல்" என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவோம்.

கோட்டுப் புகைப்படம் என்று திரையில் வருவதைச் சாதாரணப் படம்போல் படிக்காதீர்கள். அந்தக் கேமரா கோட்டை மட்டும், ஒரு மெல்லிய கீற்றாக, விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை பதிவுசெய்து, கீற்றுகளைப் பக்கம் பக்கமாக ஒட்டுகிறது. ஆகவே அந்தப் படத்தில் இடமிருந்து வலம் என்பது நேரம். பின்னணி ஒரே நிறமாகத் தெரிவதும் அதனால்தான்: ஒவ்வொரு கீற்றிலும் இருப்பது அதே கோடு. 2017 டூர் டி பிரான்ஸின் ஏழாம் கட்டத்தில் மார்செல் கிட்டல், எட்வால்ட் போவாசன் ஹேகனை 0.0003 விநாடியில் வென்றார். சுமார் 6 மில்லிமீட்டர். அன்று எங்கள் மேசை இருந்திருந்தால் ரத்தம் பார்த்திருப்போம்.

படி 6: இனி சண்டை

"தள்ளிவிட்டான்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். முழங்கையையும் தலையையும் பார்ப்பதைவிடத் தடத்தைப் பாருங்கள். பாய ஆரம்பித்தபோது எந்தத் தடத்தில் இருந்தாரோ, அதிலிருந்து விலகி இன்னொருவருக்குக் குறுக்கே வந்தாரா என்பதே கேள்வி. 2024 டூர் டி பிரான்ஸில், டிஜோன் நகரில் முடிந்த ஆறாம் கட்டத்தில் டிலன் குரூனவேகன் ஜெயித்தார். இரண்டாவதாக வந்த பிலிப்சன், வான் ஆர்ட்டின் பாதையை அடைத்ததாக நடுவர்கள் அவரைப் பின்னுக்குத் தள்ளினார்கள். முன்பக்கக் காட்சியில் எனக்கு எதுவும் தெரியவில்லை. ஹெலிகாப்டர் காட்சியில் தெரிந்தது.

இதை வேடிக்கையாகப் பேசினாலும் ஒன்றை மறக்க வேண்டாம். 2020 ஆகஸ்டில் போலந்துச் சுற்றுப் பந்தயத்தில், கத்தோவிசேயில், இதே குரூனவேகன் தடம் விலகியதில் ஃபாபியோ யாகோப்சன் தடுப்புகளில் மோதி உயிருக்குப் போராடினார். குரூனவேகனுக்கு ஒன்பது மாதத் தடை. அந்தக் காணொளியை மட்டும் நாங்கள் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதில்லை.

நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு

லங்காவி சைக்கிளோட்டம் 1996 முதல் நடக்கிறது. பல ஆண்டுகள் கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கத்தில் முடிந்திருக்கிறது. அதில் இத்தாலியின் ஆந்திரெயா குவார்தினி 24 கட்டங்களை வென்றிருக்கிறார், எல்லாம் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஸ்பிரிண்டுகள். 2010இல் நம் அனுவார் மானான் ஒரு கட்டத்தை வென்றார்.

கோட்டருகே இடம்பிடிக்க இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்காதீர்கள். அங்கே மூன்று விநாடிக்கு நிறப் பட்டை ஒன்று ஓடும், அவ்வளவுதான். கோட்டுக்கு 200 மீட்டர் முன்னால் நில்லுங்கள். கடைசி இழுப்பாளர் விலகுவதும் ஸ்பிரிண்டர் எழுந்து பாய்வதும் உங்கள் மூக்குக்கு முன்னால் நடக்கும். யார் ஜெயித்தார் என்பதை ஒலிபெருக்கி சொல்லும். தடுப்பின்மேல் கையையோ கைப்பேசியையோ நீட்டவே நீட்டாதீர்கள்.

பின்சேர்க்கை 1: "கீழே தொடும் சக்கரம் முன்னால்" என்ற விதியை வைத்து ஒரு வாசகர் தவறாகப் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறார். தவறு என்னுடையது. கேமரா சாலையின் நடுவில் இல்லாமல் ஓரமாக இருந்தால் அந்த விதி அப்படியே பொருந்தாது. திரையில் கோடே சரிவாகத் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். சரிந்திருந்தால் அதே சரிவில் ஒரு தாளின் விளிம்பைத் திரையில் பிடித்து, சக்கரங்களை அதோடு ஒப்பிடுங்கள். கடைத் திரையில் எப்படிச் செய்வது என்று கேட்காதீர்கள். நான் நாற்காலியில் ஏறி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பின்சேர்க்கை 2: கடைசியில் விழுந்து நடந்துவந்தவருக்கும் கூட்டத்தின் அதே நேரம் எப்படிக் கிடைத்தது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஸ்பிரிண்டில் முடியும் கட்டங்களில் கடைசி 3 கிலோமீட்டருக்குள் விழுந்தால், விழும்போது எந்தக் கூட்டத்தில் இருந்தாரோ அதன் நேரமே அவருக்குப் பதிவாகும். அண்மைக் காலத்தில் சில கட்டங்களில் இதை 5 கிலோமீட்டர்வரை நீட்டுகிறார்கள். நேரம் மட்டும்தான் காப்பாற்றப்படும். 140ஆவதாகக் கோட்டைக் கடந்தால் இடம் 140தான்.