‘ஒரு கையெழுத்துதான் பாக்கி’: சொந்தக்காரர் கடனுக்கு ஜாமீன் போடும் முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

மச்சான் பேங்கிலிருந்து போன் செய்தார். “மாப்ளே, எல்லாம் முடிஞ்சிருச்சு, உங்க கையெழுத்து ஒன்னுதான் பாக்கி. ஆதாரும் பான் கார்டும் எடுத்துக்கிட்டு அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போங்க.” போனேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை, நகலும் கேட்கவில்லை. ஒன்றரை வருடம் கழித்துப் பதிவுத் தபால் வந்தபோதுதான், அன்று எதில் கையெழுத்துப் போட்டோம் என்றே தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடலில் கற்றுக்கொண்டதை, முதல் முறை ஜாமீன் போடப் போகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். எல்லாம் இந்தியச் சட்டப்படி.

படி 1: நீங்கள் ஜாமீன்தாரரா, இணைக் கடன்தாரரா?

“சும்மா கூட நில்லுங்க” என்பார்கள். எந்த இடத்தில் நிற்கிறோம் என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். இணைக் கடன்தாரர் என்றால் அது உங்கள் கடனும்தான். முதல் தவணையிலிருந்தே நீங்களும் பொறுப்பு. கல்விக் கடனில் அப்பாவையோ அம்மாவையோ பெரும்பாலும் இப்படித்தான் சேர்ப்பார்கள். ஜாமீன்தாரர் என்றால், கடன் வாங்கியவர் கட்டத் தவறினால் கட்டுகிறேன் என்று வாக்குக் கொடுப்பவர்.

படி 2: சட்டம் உங்களை எங்கே வைக்கிறது?

பலர் ஏமாறுவது இங்கேதான். “முதலில் அவனிடம் வசூல் பண்ணட்டும், முடியாவிட்டால் என்னிடம் வரட்டும்” என்று நினைப்போம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவு வேறு மாதிரி சொல்கிறது: ஒப்பந்தத்தில் வேறாக எழுதியிருந்தால் ஒழிய, கடன்தாரரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரரின் பொறுப்பு. அசல், வட்டி, செலவு எல்லாம் அதில் அடக்கம்.

பேங்க் ஆஃப் பீகார் தொடுத்த ஒரு வழக்கில், கடன்தாரரிடம் எல்லா வழியிலும் முயன்ற பிறகே ஜாமீன்தாரரிடம் போக வேண்டும் என்று கீழ் நீதிமன்றம் நிபந்தனை போட்டது. 1969இல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கியது. உடனே வசூலிக்க முடியாவிட்டால் ஜாமீன் வாங்கியதற்கே அர்த்தமில்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். கடன் தவணை தவறியதும் வங்கி யார் கதவை முதலில் தட்டுவது என்பது வங்கியின் விருப்பம். மாதச் சம்பளக்காரர் கதவைத் தட்டுவது அவர்களுக்குச் சுலபம்.

“எனக்கு இதில் ஒரு பைசா லாபம் இல்லையே” என்ற வாதமும் எடுபடாது. கடன்தாரருக்காக ஏதாவது செய்யப்பட்டிருந்தாலே ஜாமீனுக்குப் போதுமான பிரதிபலன் (ஒப்பந்தம் செல்லுபடியாக வேண்டிய கைம்மாறு) என்கிறது அதே சட்டத்தின் 127ஆவது பிரிவு. அவர் இறந்தாலும் உங்கள் பொறுப்பு போகாது. நீங்கள் இறந்தாலும், அதுவரை ஏற்பட்ட பொறுப்பு நீங்கள் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு வாரிசுகள்மேல் நிற்கும்.

படி 3: கணக்குப் போடுங்கள்

5 லட்சம் ரூபாய், 12 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 11,120 ரூபாய். இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டு நின்றுபோனால் பாக்கி சுமார் 3.35 லட்சம். அபராதமும் வழக்குச் செலவும் தனி. இந்தத் தொகையைப் பெண் கல்யாணத்துக்கு வைத்ததைத் தொடாமல் உங்களால் கட்ட முடியுமா? முடியாது என்றால் போடாதீர்கள். “ஏற்கெனவே ஒரு கடன் ஓடுது, எனக்குத் தகுதி வராது” என்று சொல்லி நகர்வதில் தப்பே இல்லை. நேராக ‘முடியாது’ என்று சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

படி 4: பத்திரத்தைப் படியுங்கள்

ஒரு நாள் முன்னதாகவே நகல் கேளுங்கள். அதில் தேட வேண்டியவை இவை.

தொகைக்கு வரம்பு இருக்கிறதா? “இத்தனை ரூபாய் வரை மட்டும்” என்று எழுத வைக்க முடிந்தால் பெரிய வெற்றி. அப்புறம், ‘தொடர் ஜாமீன்’ என்ற சொல். ஓவர்டிராஃப்ட், கேஷ் கிரெடிட் போன்ற வியாபாரக் கணக்குகளில் இது வரும். இன்றைய கடனோடு நிற்காமல் நாளை எடுப்பதற்கும் நீங்கள் ஜாமீன். 130ஆவது பிரிவுப்படி இனிமேல் எடுப்பவற்றுக்கு நோட்டீஸ் கொடுத்து விலகலாம். ஏற்கெனவே எடுத்ததற்கு விலக முடியாது.

அடுத்ததுதான் விஷமான இடம். உங்களைக் கேட்காமல் கடன் நிபந்தனையை மாற்றினால் அதன் பிறகான பொறுப்பிலிருந்து நீங்கள் விடுபடலாம் என்று 133ஆவது பிரிவு ஒரு பாதுகாப்புத் தருகிறது. ஆனால் வங்கிகளின் அச்சடித்த படிவத்தில் “இந்த உரிமைகளை விட்டுக்கொடுக்கிறேன்” என்று ஒரு பத்தி பெரும்பாலும் இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு 133ஐக் காட்டினால் எடுபடுவது கஷ்டம். 130ஆவது பிரிவு உரிமையை அப்படி விட்டுக்கொடுத்தவர் பிறகு விலக முடியாது என்று 2008இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

நிரப்பாத படிவத்தில் கையெழுத்து வேண்டாம். உங்கள் காசோலை கேட்டால் இன்னும் கவனம்: ஜாமீன்தாரர் கொடுத்த காசோலை திரும்பினாலும் செக் பவுன்ஸ் வழக்குக்கான, மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவு பொருந்தும்.

ஊழியர் கூட்டுறவுச் சங்கக் கடன் என்றால், சம்பளத்தில் பிடித்துக்கொள்ள முன்கூட்டியே ஒப்புதல் வாங்குகிறார்களா என்று பாருங்கள்.

படி 5: கடன் வாங்குபவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்

கடனுக்கு ஆயுள் காப்பீடு எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாதமும் தவணை போனதும் ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் இப்போதே கோபித்துக்கொள்ளட்டும்.

படி 6: கையெழுத்துக்குப் பிறகு

பத்திர நகல், சாங்ஷன் லெட்டர் (கடன் ஒப்புதல் கடிதம்), கடன் கணக்கு எண் மூன்றையும் ஒரு ஃபைலில் போடுங்கள். நீங்கள் ஜாமீன் போட்ட கடன் உங்கள் சிபில் அறிக்கையிலும் தெரியும். வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாக எடுக்கலாம். என் மச்சான் கடைசியில் இடத்தை விற்றுக் கட்டிவிட்டார். எனக்குப் பணம் போகவில்லை. ஆனால் அந்த நான்கு தவணைப் பாக்கியால் என் வீட்டுக் கடன் ஆறு மாதம் இழுத்தது.

படி 7: நோட்டீஸ் வந்தால்

வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள். பாக்கி எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்று எழுத்தில் கணக்குக் கேளுங்கள். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கடன் வாராக்கடன் ஆகிவிடும், அதற்குள் பேசுவது நல்லது. சொத்து அடமானம் உள்ள கடனில், நீதிமன்றத்துக்குப் போகாமலே வங்கி அந்தச் சொத்தை எடுக்க வழி செய்யும் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் கெடு வைத்த நோட்டீஸ் வரலாம். அந்தச் சட்டத்தில் ‘கடன்தாரர்’ என்ற சொல்லுக்குள் ஜாமீன்தாரரும் வருவார். ஆட்சேபம் இருந்தால் அந்த 60 நாளுக்குள் எழுதிக் கொடுங்கள். வங்கி 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். சொத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கை எடுத்துவிட்டால் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள். இந்த இடத்தில் வக்கீல் இல்லாமல் இறங்க வேண்டாம்.

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. நீதிமன்றத் தீர்ப்பாணை இருந்தாலும் முழுச் சம்பளத்தையும் எடுக்க முடியாது. முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் உங்களுக்கு. 40,000 சம்பளம் என்றால் அதிகபட்சம் 13,000. ஒரே தீர்ப்பாணைக்கு இப்படி மொத்தம் 24 மாதம்தான் பிடிக்கலாம்.

படி 8: நீங்களே கட்டிவிட்டால்

கையில் ரொக்கமாகக் கொடுக்காமல் கடன் கணக்கிலேயே நேராகக் கட்டி, உங்கள் பெயரில் ரசீது வாங்குங்கள். முறையாகக் கட்டியதை ஒப்பந்தச் சட்டத்தின் 145ஆவது பிரிவுப்படி கடன்தாரரிடம் திரும்பக் கேட்கலாம். முழுவதும் தீர்த்துவிட்டால் வங்கியின் உரிமைகள் உங்களுக்கு மாறும். வங்கியிடம் அவருடைய நகையோ பத்திரமோ ஈடாக இருந்தால் அதன் பலனும் உங்களுக்கே. உங்களோடு இன்னொருவரும் அதே கடனுக்கு ஜாமீன் போட்டிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை சுமை இருவருக்கும் சரிபாதி. சொந்தக்காரர்மேல் கேஸ் போடுவீர்களா என்பது வேறு கேள்வி. பேசி முடிக்கிறீர்கள் என்றால் மாதம் எவ்வளவு தருவார் என்பதை எழுதி, தேதி போட்டு, அவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். நீங்கள் கட்டிய நாளிலிருந்து மூன்று வருடம் கடந்துவிட்டால் வழக்குப் போடும் வாய்ப்பும் போய்விடும்.