குமரிக் கரையில் இரண்டு நாள்: எந்தத் துறை, எந்த மாதம், எங்கே தங்குவது

குமரி மாவட்டத்தின் கடற்கரை கிழக்கே ஆரோக்கியபுரத்தில் தொடங்கி மேற்கே நீரோடி வரை சுமார் 70 கிலோமீட்டர். இதில் உதயம் பார்க்கிற கரை வேறு, கால் நனைக்கிற கரை வேறு, மீன் இறங்குகிற துறை வேறு. சனிக்கிழமை காரை எடுக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் ‘கன்னியாகுமரி’ என்று ஊரை முடிவு செய்து அறையையும் போட்டுவிட்டு, அங்கே போன பிறகு ‘பிள்ளைகள் குளிக்க எங்கே இறங்கலாம்?’ என்று கேட்கிறார்கள். முனையில் இருப்பது பெரும்பாலும் பாறை. ஆகவே முதலில் எதற்காகப் போகிறோம் என்பதையும், அடுத்து எந்த மாதம் என்பதையும் தீர்மானியுங்கள். ஊரும் அறையும் அதற்குப் பிறகுதான்.

எவ்வளவு தூரம் ஓட்டலாம்

இரண்டு நாள் பயணத்தில் ஒரு வழிக்கு நான்கு மணி நேரம்தான் எல்லை. அதைத் தாண்டினால் ஞாயிறு முழுக்கச் சாலையிலேயே போய்விடும். மதுரையிலிருந்து கன்னியாகுமரி சுமார் 245 கிலோமீட்டர்; நான்குவழிச் சாலையில் நான்கு மணி நேரத்தில் வந்துவிடலாம். வழியில் கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி என்று சுங்கச்சாவடிகள் வரும். பாஸ்டேக்கில் போக வர இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இருக்கட்டும். நெல்லையிலிருந்து ஒன்றரை மணி நேரம் போதும்.

காவல்கிணறு சந்திப்பில்தான் முடிவு மாறுகிறது. அங்கிருந்து ஒரு சாலை நேரே கன்னியாகுமரிக்குப் போகிறது. இன்னொன்று ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவிலுக்கு. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போகிறவர்கள் இரண்டாவது சாலையில் போய் நாகர்கோவிலைக் கடக்க வேண்டும். வடசேரியிலும் கோட்டாற்றிலும் மாலை நேரத்தில் சிக்கினால் அரை மணி போய்விடும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பக்கவாட்டுக் காற்று பலமாக அடிக்கும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. காரின் கூரையில் மூட்டை கட்டியிருந்தால் வேகத்தைக் குறையுங்கள். பைக்கில் வருகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி 90 கிலோமீட்டர்தான், ஆனால் தூரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். களியக்காவிளை, குழித்துறை, தக்கலை என்று ஊருக்கு ஊர் நெரிசல். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் இருப்பதால் சற்று மூச்சுவிடலாம். இரண்டரை முதல் மூன்று மணி நேரம் வையுங்கள். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு முனையைவிடத் தேங்காய்ப்பட்டணமே தோது. சென்னைக்காரர்கள் காரை வீட்டில் விட்டுவிட்டு இரவு ரயிலில் நாகர்கோவில் வந்து வாடகைக் கார் எடுப்பதுதான் நல்லது.

மாதம் பார்க்காமல் தேதி குறிக்காதீர்கள்

இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் மேற்குக் கரை முழுவதும் கடல் கொந்தளிக்கும். அலை பார்க்கலாம், இறங்க முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை வடகிழக்கு மழை. கடல் ஓரளவு அடங்கினாலும் கிழக்கு வானம் மூடியிருப்பதால் உதயம் தவறிப்போகும் நாட்கள் அதிகம். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரைதான் வானமும் கடலும் ஒத்துழைக்கும் காலம். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தால் கன்னியாகுமரியில் அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். அந்த மாதங்களில் நாகர்கோவிலில் தங்கி, விடியுமுன் முனைக்குப் போய்விடுங்கள். அரை மணிப் பயணம்தான். பகவதி அம்மன் கோயிலின் மாசிக் கொடை நடக்கும் நாட்களில் மண்டைக்காட்டைச் சுற்றியுள்ள சாலைகளைத் தவிர்க்கவும்.

உதயமும் அஸ்தமனமும்

கன்னியாகுமரியில் ஆண்டு முழுவதும் சூரியன் கடலிலிருந்தே எழும். மே கடைசியில் காலை 6 மணியை ஒட்டியும், பிப்ரவரி தொடக்கத்தில் 6.40 அளவிலும் உதிக்கும். கரையில் அரை மணி முன்பே நின்றால்தான் இடம் கிடைக்கும்.

அஸ்தமனம் அப்படியல்ல. முனையிலிருந்து மேற்கே கரை ஏறத்தாழ நேராக ஓடி, பிறகு வடக்கே சாய்கிறது. அதனால் அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை சூரியன் கடலில் இறங்கும். கோடை மாதங்களில் வடக்கே நகர்ந்து நிலத்தின் பக்கம் மறையும். மே மாதம் வந்து கடல் அஸ்தமனம் தேடுகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். அவர்கள் முட்டம் போக வேண்டும். அங்கே கரை வடமேற்காகத் திரும்புவதால் கோடையிலும் சூரியன் கடல் மேல்தான் இறங்கும். நவம்பரில் 6 மணிக்கே மறைந்துவிடும், ஜூலையில் 6.40 ஆகும், அதற்கேற்பக் கிளம்புங்கள்.

கரைகள், ஒவ்வொன்றாக

கன்னியாகுமரி முனை: உதயம், கோயில், காந்தி மண்டபம், விவேகானந்தர் பாறைக்குப் படகு. குளிக்க அல்ல, வேடிக்கை பார்க்க. படகு காலை 8 மணியளவில் தொடங்கி மாலை 4 மணியோடு டிக்கெட் முடியும். சனி, ஞாயிறில் 10 மணிக்கு மேல் வரிசை நீண்டுவிடும். ஆகவே உதயம் பார்த்த கையோடு காலைச் சாப்பாட்டை முடித்து, 7.30-க்கே வரிசையில் நின்றுவிடுங்கள். கடல் சீறினாலும் படகு நிற்கும், நீர்மட்டம் தாழ்ந்தாலும் நிற்கும். முன்பெல்லாம் நீர் குறைந்த நாட்களில், விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு திருவள்ளுவர் சிலையை நெருங்க முடியாமல் அடியில் பாறை தட்டும். 2024 டிசம்பர் 30-இல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் வந்த பிறகு, ஒரு பாறையில் இறங்கி நடந்தே அடுத்ததற்குப் போகலாம். ஆனாலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் படகு காலதாமதமாகலாம் என்று மனதில் வையுங்கள். திரும்பும் ரயிலையோ அடுத்த வேலையையோ அதற்கு நெருக்கமாக வைக்காதீர்கள்.

வட்டக்கோட்டை: முனையிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் வடகிழக்கே. திருவிதாங்கூர் காலத்துக் கோட்டை. மேல்மதிலில் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. முதியவர்களோடு வருகிறவர்களுக்கு ஏற்ற இடம். காலையிலோ நாலு மணிக்கு மேலோ போங்கள். நடுப்பகலில் கல் சுடும்.

சொத்தவிளை: அகன்ற மணல், நீண்ட கரை. நாகர்கோவிலிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் அரை மணிக்குள் வரலாம். பிள்ளைகள் ஓடி விளையாட மாவட்டத்தில் இதைவிடத் தோதான மணல் குறைவு. சங்குத்துறையும் இதே ரகம், சற்றுச் சிறியது. இரண்டு இடத்திலும் வெயில் மறைப்பு குறைவு, குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள்.

லெமூர் கடற்கரை, கணபதிபுரம்: படங்களில் மிக அழகாக இருக்கும். ஆற்றுநீர் கடலில் சேரும் பொழிமுகம் அருகே இருப்பதால் நீரோட்டம் நாளுக்கு நாள் மாறும். பார்க்கப் போகலாம், இறங்குவதற்கு எங்கள் பரிந்துரையில் இடமில்லை. காரணம் கீழே.

முட்டம்: செம்மண் மேடு, பாறைகள், கலங்கரை விளக்கம். மாலைக்கு ஏற்ற கரை இது. பாறையில் பச்சை படிந்த பகுதி எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். ரப்பர் செருப்போடு ஏறி நிற்பவர்கள் விழுவது அதனால்தான். சிறு அலைகளுக்கு நடுவே எதிர்பாராமல் ஒரு பெரிய அலை வரும், எனவே ஈரமான பாறையில் நிற்காமல் உலர்ந்த பாறையோடு நின்றுகொள்ளுங்கள்.

மணவாளக்குறிச்சி, சின்னவிளை பக்கம் மணல் கறுப்பாகவும் சிவப்பாகவும் கிடக்கும். இல்மனைட்டும் கார்னெட்டும் கலந்தது, அங்கே பொதுத்துறை மணல் ஆலையும் உண்டு. கறுப்பு மணல் வெயிலை உறிஞ்சும். பகல் 11-க்கு மேல் பிள்ளைகளை வெறுங்காலில் விடாதீர்கள்.

குளச்சலும் தேங்காய்ப்பட்டணமும் மீன்துறைகள். குளச்சலில் 1741-இல் டச்சுக்காரர்களை மார்த்தாண்டவர்மா தோற்கடித்த நினைவாகத் தூண் நிற்கிறது. தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலோடு சேரும் இடம் மாலை நடைக்கு நல்லது. துறைமுக முகப்பில் மட்டும் இறங்க வேண்டாம்.

கடலில் இறங்குமுன்

காரிலிருந்து இறங்கியதும் ஓடக் கூடாது. கரையில் பத்து நிமிடம் நின்று கடலைப் பாருங்கள். அலைகள் வெள்ளையாக உடையும் வரிசையில் ஓரிடம் மட்டும் உடையாமல் கறுத்து அமைதியாகத் தெரிந்தால், அது பாதுகாப்பான இடம் அல்ல. கரைக்கு வந்த தண்ணீர் திரும்பி வெளியே ஓடும் வாய் அது. நுரையும் கலங்கிய மணலும் வெளியே நகர்வது அதன் அடையாளம். பொழிமுகத்துக்கு இரு பக்கமும், பாறையோரமும், கல் அடுக்கிய தூண்டில் வளைவுகளின் ஓரமும் இந்த இழுப்பு எப்போதும் இருக்கும்.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்துவதுதான் ஆளைக் களைக்க வைப்பது. கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும்; இழுப்பின் அகலம் பெரும்பாலும் சில பத்து மீட்டர்தான். நீந்தத் தெரியாதவர் மிதந்தபடி கையை உயர்த்தட்டும். கரையில் இருப்பவர் தானும் குதிக்காமல் கயிறோ காலி பிளாஸ்டிக் கேனோ வீசிவிட்டு, 112-ஐயும் கடலோரக் காவல் எண் 1093-ஐயும் அழைத்து, பக்கத்துக் கிராமத்து மீனவர்களைக் கூப்பிட வேண்டும். எந்த எண்ணைவிடவும் அவர்கள்தான் முதலில் வந்து சேர்வார்கள்.

இன்னொன்று கள்ளக்கடல். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் புயல் கிளப்பிய நீண்ட அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேரும். வானம் தெளிந்திருக்கும், காற்று இருக்காது. அலை மட்டும் திடீரென்று உயர்ந்து கரையில் நிற்பவரை இழுத்துப் போகும். ஏப்ரல், மே மாதங்களில், அதாவது பள்ளி விடுமுறை நேரத்தில், இது அதிகம். 2024 மே 6 அன்று லெமூர் கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் இறந்தது இந்த எச்சரிக்கை நடப்பில் இருந்தபோதுதான். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையம், இன்காயிஸ், முன்கூட்டியே எச்சரிக்கை வெளியிடுகிறது. கிளம்பும் முந்தைய இரவும், கடற்கரைக்குப் போகும் காலையும் அதைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் கால் நனைப்பதையும் விட்டுவிடுங்கள். பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம் என்று உள்ளே போகலாம். அரண்மனை திங்கட்கிழமை மூடியிருக்கும்.

அறை போடும்போது கேட்க வேண்டியவை

‘கடல் தெரியும்’ என்று சொன்னால், ஜன்னலிலிருந்தா மொட்டை மாடியிலிருந்தா என்று கேளுங்கள். கன்னியாகுமரியில் முன்வரிசைக் கட்டடங்களுக்குப் பின்னால் இருக்கும் பல விடுதிகள் மாடியைத்தான் சொல்கின்றன. கிழக்குப் பார்த்த அறை என்றால் கட்டிலிலிருந்தே உதயம் கிடைக்கும். தெற்கு, மேற்குப் பார்த்தது என்றால் மாடி ஏற வேண்டும். கணக்கு 24 மணி நேரமா, மதியம் 12 மணிக்குக் காலி செய்வதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்; இரவு பத்துக்கு வருகிறவர்களுக்கு முந்தையதுதான் லாபம். வண்டி நிறுத்த உள்ளேயே இடமுண்டா என்பதும் கட்டாயக் கேள்வி. தெருவில் நிறுத்தினால் விடியற்காலை பஸ்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். கூட்டம் வேண்டாம் என்பவர்களுக்கு விவேகானந்த கேந்திர வளாகம் ஏற்றது; உதயம் பார்க்கத் தனிக் கரையும் அங்கே உண்டு.

மீன் வேண்டுமென்றால்

கரையோரக் கிராமங்கள் பெரும்பாலும் கத்தோலிக்க ஊர்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை, காலையில் பூசை. ஆகவே ஞாயிறு, திங்கள் காலையில் கிடைப்பது பெரும்பாலும் பழைய மீன், சனிக்கிழமை வாங்குங்கள். விசைப்படகுத் தடைக்காலம் இந்த ஒரே மாவட்டத்தில் இரண்டாகப் பிரியும்: கிழக்கே சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கே முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மே மாதம் மீன் தேடினால் மேற்கே போங்கள், ஜூலையில் கிழக்கே. தடைக்காலத்திலும் வள்ளத்தில் போகிறவர்களிடம் சாளை, நெத்திலி, கணவாய் கிடைக்கும். நெய்மீன் வாங்கும்போது செவுள் சிவந்திருக்கிறதா, சதையை அழுத்தினால் குழி உடனே மேலே வருகிறதா என்று பாருங்கள். ஊருக்கு எடுத்துப் போவதென்றால் குடலை அங்கேயே நீக்கச் சொல்லி, தெர்மாகோல் பெட்டியில் மீனுக்குச் சம அளவு பொடித்த ஐஸ் அடுக்கி, உருகிய தண்ணீர் வடிய ஒரு மூலையில் துளையிடுங்கள். மதுரை வரை தாங்கும்.

ஞாயிறு மாலை 4 மணிக்கு மேல் கிளம்பினால் நெல்லை, மதுரைப் பக்கத்துக்காரர்களுக்குச் சுங்கச்சாவடிகளில் கூட்டம் இருக்கும். திருவனந்தபுரம் போகிறவர்களுக்குத் தக்கலையும் களியக்காவிளையும். மதியச் சாப்பாட்டை முடித்து 2 மணிக்கே கிளம்பிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் காரின் அடிப்பாகத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். கடலோரக் காற்றில் இரண்டு நாள் நின்ற வண்டியில் உப்பு படிந்திருக்கும், முதலில் துரு ஏறுவது பிரேக் தட்டுகளிலும் சைலன்சர் இணைப்புகளிலும்தான்.