பக்கத்து ஊரில் இரண்டு நம்பர்: ஃபீனிக்ஸ் தெரு வாட்ஸ்அப் குழுக்களுக்கு

2021 ஜூலைக் கலவரத்தில் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால், கௌட்டெங் மாகாணங்களில் 350 பேருக்கு மேல் இறந்தார்கள். டர்பன் அருகே இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸ் பகுதியில் மட்டும் 36 பேர் என்று போலீஸ் அமைச்சர் அறிவித்தார். அந்த நாட்களில் பயத்தைத் தெருத்தெருவாகக் கொண்டுபோனது வாட்ஸ்அப். இன்னொரு முறை அப்படி நடக்கக் கூடாது. அதற்கான வேலையை அமைதியாக இருக்கும்போதே செய்ய வேண்டும்.

மிகவும் ஆபத்தானது வாய்ஸ் நோட். படமென்றால் கூகுள் லென்ஸில் போட்டுப் பழசா என்று பார்க்கலாம். குரலுக்கு அந்த வழி இல்லை. "இப்போ வர்றாங்க" என்று ஒருவர் பேசியது மூன்று நாள் கழித்து வந்தாலும் "இப்போ" என்றுதான் கேட்கும். போனில் தெரியும் நேரம் உங்களுக்கு வந்து சேர்ந்த நேரமே, பேசிய நேரம் அல்ல. இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது. குறி இல்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள். போனில் சேமித்துப் புதிதாக அனுப்பினால் குறி போய்விடும்.

ஆகவே குழுவின் மேலே ஒரே ஒரு விதியைப் பின் (pin) செய்து வையுங்கள்: எங்கே, எத்தனை மணிக்கு, கண்ணால் பார்த்தது யார். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அட்மின் நீக்கிவிடுவார், அனுப்பியவர் ஊர்ப் பெரியவராக இருந்தாலும். ஆனால் அவரைக் குழுவில் வைத்துக் கண்டிக்காதீர்கள், தனியாகப் போன் செய்யுங்கள். நாலு பேர் முன்னால் தலைகுனிந்தவர் அடுத்த முறை வேறு குழுவில் போடுவார்.

அக்கம்பக்கத்துக் கறுப்பின மக்கள் பேசும் ஜுலு மொழியில் வரும் வீடியோவுக்கு யாரோ எழுதிய விளக்கத்தை ஏற்க வேண்டாம். ஜுலு நன்றாகத் தெரிந்த இருவர் தனித்தனியே கேட்டு எழுதட்டும். இருவர் எழுதியதும் ஒத்துப்போனால் மட்டும் நம்புங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பக்கத்துக் கறுப்பினக் குடியிருப்புகளான பம்பாயியிலும் ஸ்வெலிஷாவிலும் உங்களுக்குத் தெரிந்த இரண்டிரண்டு பேரின் நம்பர். ஒருவர் போதாது, கரன்ட் போனால் போனும் செத்துவிடும். இந்தப் பழக்கம் எப்படி வரும்? ஒற்றுமைக் கூட்டம் போட்டால் ஏற்கெனவே ஒத்துப்போகிறவர்கள்தான் வருவார்கள். தண்ணீர் லாரிக்கு எல்லோரும் வருவார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே டோங்காட் ஊரின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அங்கே மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரி எத்தனை மணிக்கு எங்கே நிற்கும் என்பதை இரு பக்கமும் பரிமாறிக்கொள்ளுங்கள். தண்ணீர் விஷயத்தில் சரியாகச் சொன்னவரைக் கலவர இரவிலும் நம்ப மனம் வரும்.

சந்தேகமான செய்திகளைச் சரிபார்க்கும் ஆப்பிரிக்கா செக், பொய்த் தகவல் பற்றிப் புகார் வாங்கும் ரியல்411 ஆகியவற்றுக்கும் அனுப்புங்கள். அவை பொறுமையாக ஆராய்பவை, அந்த ஒரு இரவுக்குப் போதாது. வன்முறையைத் தூண்டும் செய்தி அனுப்புவது 2021 டிசம்பர் 1 முதல் சைபர் குற்றச் சட்டப்படி குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. இதையும் குழுவில் சொல்லிவையுங்கள்.

பதற்றமான இரவில் அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றுங்கள். பொய்யை மறுக்கும்போது அந்த ஆடியோவைத் திரும்பப் போடாதீர்கள். மறுப்பை விட்டுவிட்டு ஆடியோ மட்டும் பரவும். எழுத்தில் இவ்வளவு போதும்: "இரவு 7.40. பாலத்தருகே கூட்டம் இல்லை. அங்கே குடியிருப்பவர் நேரில் பார்த்தார். அடுத்த தகவல் 8.15-க்கு." 8.15-க்குச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும், ஒன்றும் இல்லை என்று எழுதுங்கள். அந்த நேரம் தவறினால் காத்திருப்பவர்கள் வேறு குழுவைத் திறப்பார்கள்.