குழந்தைகள் டென்ட் தொழில்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

குழந்தைகளுக்கு விளையாட்டு டென்ட் தைத்து விற்கலாமா என்று கேட்டு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். வீட்டில் மெஷின் இருக்கிறது, ஈரோட்டில் துணி கிடைக்கிறது, இன்ஸ்டாகிராமில் விற்றுவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்கு தப்பில்லை. போட்டோ பளிச்சென்று இருக்கட்டும், வரவு செலவு எழுதுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். விட்டுவிடுகிறேன்.

துவைத்துப் பார்க்காமல் துணியை வெட்டுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. வெளுக்காத காடாவோ காட்டன் கேன்வாஸோ, தறியிலிருந்து இறங்கிய துணி கஞ்சியோடு விறைப்பாக நிற்கும். "சுருங்காதுங்க, எத்தனை பேர் வாங்கிட்டுப் போறாங்க" என்பார் கடைக்காரர். வாங்கிப் போனவர்கள் பை தைப்பவர்கள். பையில் ரெண்டு சென்டிமீட்டர் குறைந்தால் யாருக்குத் தெரியும்? டென்ட் துணிக்குள் கம்பாலோ குழாயாலோ ஆன சட்டம் நிற்கிறது, சட்டம் சுருங்காது. 120 செ.மீ. உயரத்தில் 6 சதவீதம் போனால் 7 செ.மீ. துணி காணாமல் போகும்.

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒருவர், மழலையர் பள்ளி ஒன்றுக்கு வீட்டு வடிவ டென்ட்டுகள் தைத்துக் கொடுத்திருந்தார். ஒரு தடவை துவைத்ததும் துணி சட்டத்தில் ஏறவில்லை. "குழாயை மூணு இஞ்சு அறுத்துட்டேங்க்கா, இப்ப சரியா உட்காருது" என்று போனில் சந்தோஷமாகச் சொன்னார். அடுத்த துவையலில் மறுபடி இழுத்துக்கொண்டது. காடா ஒரே துவையலில் சுருங்கி முடிக்காது, இரண்டாவது மூன்றாவதிலும் கொஞ்சம் இழுக்கும். போதாக்குறைக்கு ஜன்னலில் வைத்த பாலியஸ்டர் வலை அப்படியே இருக்க, சுற்றியிருந்த காட்டன் மட்டும் சுருங்கி, வலை தொப்பை போட்டு நின்றது. அத்தனையும் திரும்பி வந்தது. துணிக்கும் கூலிக்கும் இரட்டைச் செலவு.

ஒவ்வொரு ரோலிலும் ஒரு துண்டு வெட்டி, அழியாத மார்க்கரில் 50 செ.மீ. சதுரம் வரையுங்கள். மூன்று முறை துவைத்து, காயவைத்து, அயர்ன் செய்து அளந்து பாருங்கள். பாவு வாக்கில் (ரோலின் நீளத்தில்) 47, ஊடை வாக்கில் (அகலத்தில்) 49 என்று வரலாம். பெரும்பாலும் பாவுப் பக்கம்தான் அதிகம் இழுக்கும். அதனால் துணியை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரு பக்கத்தை நீளவாக்கிலும் இன்னொன்றைக் குறுக்கிலும் வெட்டாதீர்கள், துவைத்ததும் டென்ட் கோணிக்கொள்ளும். இந்தப் பாடெல்லாம் வேண்டாம் என்றால் சான்பரைஸ் செய்த, அதாவது ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கிய துணியாகக் கேட்டு வாங்குங்கள். மீட்டருக்கு விலை கூடும். கொடுங்கள்.

பச்சை மூங்கில்

சட்டத்துக்குக் காயாத மூங்கில் வேண்டாம். வண்டு துளைத்து மாவு கொட்டும்.

"வீட்டில் தைப்பதுதானே, ஐஎஸ்ஐ எதற்கு?"

14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். சின்ன யூனிட் என்பதற்காகத் தானாக விலக்கு கிடைத்துவிடாது. பொம்மைப் பாதுகாப்புக்கான ஐஎஸ் 9873 தரத்தில் தீப்பற்றுதலுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது; டென்ட் மாதிரி குழந்தை உள்ளே புகுந்து விளையாடும் பொருள்களை அது தனியாகவே சோதிக்கச் சொல்கிறது. துணியின் மேல் தீ எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று பார்ப்பார்கள். அழகுக்காக லேஸ், நெட், குஞ்சம் என்று சேர்த்துக்கொண்டே போகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. டிசைனை முடிவு செய்வதற்கு முன்பே சோதனைக்கூடத்தில் கேட்டுவிடுங்கள்.

இலவச விளக்குச் சரம்

டென்ட்டோடு கொடுக்காதீர்கள். அதிலுள்ள பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

நீளக் கம்பு

பல கூரியர்களில் நிஜ எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். ஐந்தடிக் கம்பை முழுசாக வைத்து 155 × 20 × 20 பெட்டி கட்டினால் 12.4 கிலோ. உள்ளே இருப்பது நாலு கிலோ, மிச்சம் காற்று. அதே கம்பை மூன்று துண்டாக்கி இணைப்பு போட்டால் 55 × 25 × 20 பெட்டியில் அடங்கும். ஐந்தரைக் கிலோவுக்குக் கட்டினால் போதும். 'ஃப்ரீ டெலிவரி' என்று போஸ்டர் போடுவதற்கு முன்னால் பெட்டிக்கு டேப் பிடித்துப் பாருங்கள்.